ஒன்பதாம் வரியில் மழை

அன்புள்ள மருமகளுக்கு,

மரக்காணம் உப்பளத்தைப் பற்றி நீ எழுதிய பதினான்கு வரிகளும் கிடைத்தன. “இது சானெட்தானே மாமா?” என்று கேட்டிருக்கிறாய். வரிக்கணக்கு சரி. ஆனால் அது மட்டும் போதாதே!

13ஆம் நூற்றாண்டில் சிசிலியின் அரசவையில் பிறந்த வடிவம் இது. நாடறியச் செய்தவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். முதல் எட்டு வரி ஒரு கட்டு, அடுத்த ஆறு இன்னொரு கட்டு. எட்டில் ஒரு தவிப்போ கேள்வியோ முற்றிக்கொண்டே வரும். ஒன்பதில் பேச்சு திரும்பும். உங்கள் ஊரில் உப்புநீர் பாத்தி மாறி மாறி வெயிலில் கெட்டிப்பட்டு, அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 பாகையைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்குமே, அப்படி.

அடுத்தது இயைபு. எட்டு வரிக்கும் இரண்டே ஒலிகள்: அ-ஆ-ஆ-அ, மறுபடியும் அ-ஆ-ஆ-அ. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் அங்கே இது ஓடும். ஆங்கிலத்தில் அவ்வளவு வசதியில்லை. ஷேக்ஸ்பியர் பதினான்கு வரிக்கு ஏழு ஒலிகளாகப் பிரித்துக்கொண்டார். நமக்கோ சிக்கல் நேரெதிர். விளைகிறது, நிறைகிறது, கரைகிறது என்று நீ அடுக்கியிருப்பதைப் போல வினைமுற்றை வைத்தே ஒரு காவியம் பாடிவிடலாம்! உழைக்காமல் வரும் இயைபு காதில் நிற்காது. வரிக்கடைசியில் பெயர்ச்சொல்லை வைத்துப் பார். அல்லது அந்த அ-ஆ-ஆ-அ அமைப்பையே வரித்தொடக்கத்து எதுகைக்குக் கொண்டுவா. தமிழ்க்காது காத்திருப்பது அங்கேதான்.

இரவல் வடிவத்தைச் சொந்தக் காதுக்குப் பழக்கியவர் வங்காளக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர். 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் ஆசிரியராக இருந்தவர். பிறகு பிரான்சின் வெர்சாயில், கடனில் மூழ்கியிருந்த நாட்களில், வங்காள மொழியில் சானெட்டுகள் எழுதினார்; அவை 1866இல் நூலாயின. எடுத்தது இத்தாலியக் கட்டுமானம். அடி மட்டும் வங்காளத்தின் பழைய பதினான்கு அசைப் பயார். தாந்தேயின் 600ஆம் பிறந்தநாள் ஆண்டுக்கு ஒரு சானெட் எழுதி இத்தாலிய மன்னருக்கே அனுப்பிய துணிச்சல்காரர்!

நீ அகவலடியிலேயே எழுது. உன் ஒன்பதாம் வரியிலும் அதே வெயில்தான் காய்கிறது. ஐப்பசி மழை பதினான்காம் வரியில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. அதை ஒன்பதுக்கு இழு. பாத்திகள் நீரில் மூழ்கி, வேலையில்லாமல், கூலியில்லாமல் கழியும் மாதங்களுக்கு ஆறு வரி மிச்சமிருக்கும். பொங்கலுக்குள் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
மாமா