தாத்தாவின் கை நடுக்கம்

அன்புள்ள கயல்,

போன வாரம் வந்திருந்தபோது தாத்தாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மடியில் சும்மா கிடக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் ஆட்டம் குறையும். "இது எனக்கும் வருமா மாமா?" என்று கேட்டாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறே பேரை வைத்து விவரித்து எழுதிய பார்க்கின்சன் நோய் இது. மூளையின் அடிப்பகுதியில் ஒரு கருந்திட்டு இருக்கிறது. அங்கே டோபமைன் சுரக்கும் செல்கள் மெல்ல மடிவதால்தான் நடுக்கமும் விறைப்பும் தளர்நடையும். தாத்தாவின் கையெழுத்து எறும்பு எறும்பாகச் சுருங்கியதும் அதனால்தான். ஆனால் நோய் பல வருடம் முன்பே உள்ளே நுழைந்துவிடும். "சாம்பாரில் பெருங்காயமே போடலையா?" என்று அவர் பாட்டியோடு சண்டை போட்ட காலம் உன் அம்மாவுக்கு நினைவிருக்கும். பாட்டி போட்டுத்தான் இருந்தாள். அவருக்கு மோப்பம் போயிருந்தது. எங்களுக்குத்தான் அது உறைக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 1997இல், இத்தாலியின் கொன்டுர்ஸி ஊரில் வேர்விட்ட ஒரு குடும்பத்தில் தலைமுறைதோறும் வந்த இந்நோய்க்கு ஒரு மரபணுப் பிழையே காரணம் என்று கண்டார்கள். பிறகு இன்னும் சில மரபணுக்கள் பிடிபட்டன. ஆனால் எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களிலேயே பலருக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை. நோயாளிகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

மரபணு மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் நச்சும் காரணமாகலாம். 1982இல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் சிலைபோல் உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சு அந்தக் கருந்திட்டையே அழித்திருந்ததை டாக்டர் வில்லியம் லாங்ஸ்டன் குழு கண்டுபிடித்தது. உடலுக்குள் அந்த நச்சு எடுக்கும் வடிவம், பாராகுவாட் களைக்கொல்லியின் அமைப்பை ஒத்தது. பூச்சிமருந்தோடு புழங்குகிறவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருவதைப் பிறகு பல ஆய்வுகள் காட்டின. தாத்தா முப்பது வருடம் வெறுங்கையால் மருந்து கலக்கி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தவர். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் துண்டை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உனக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தாத்தா சிரிக்காததைக் கோபம் என்றும் எண்ணாதே, முகத்தசை இறுகியிருக்கிறது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நில். கையுறையும் சரியான முகக்கவசமும் இல்லாமல் மருந்தடிக்க வயலில் இறங்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
மாமா