அகல டயரும் அரைச் சாண் ஃபோர்க்கும்

தலைக்கு மேலே பட்டம் விண்ணென்று இழுக்கிறது, வண்டியோ இம்மி நகரவில்லை. கைட் பக்கி ஓட்டுகிறவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. மூன்று சக்கரம், தரையை உரசுகிற மாதிரி இருக்கை, இரண்டு காலையும் வைத்துத் திருப்ப ஒரு முன்சக்கரம், வண்டி அவ்வளவுதான்.

நான் ஓட்டுவது டென்மார்க்கின் ரோமோ தீவில். கடலுக்குக் குறுக்கே போட்ட சாலையில் காரிலேயே போய்விடலாம். தீவின் தென்கோடிக் கடற்கரையில் பக்கிக்காரர்களுக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். அலை வந்து போன இடம் தார்ச்சாலை மாதிரி கெட்டி. மணல்மேட்டுப் பக்கம் போனால் கணுக்கால் புதையும். மழை இல்லாமல் இரண்டு வாரம் வெயில் அடித்தால் கெட்டி மணலும் மாவாக உதிரும்.

வண்டியோடு வந்தவை 4.80/4.00-8 அளவு டயர்கள். கட்டட வேலையில் கலவை தள்ளும் வண்டிக்குப் போடுவதேதான். ஈர மணலில் அருமையாக ஓடும், இளகிய மணலில் உழும். முதலில் நான் செய்த முட்டாள்தனம், 4 சதுர மீட்டர் பட்டத்தை இறக்கிவிட்டு 6 சதுர மீட்டரை ஏற்றியது. வண்டி நகர்ந்தது உண்மை. கெட்டித் தரையைத் தொட்டதும் அதே பட்டம் என்னைத் தூக்கிப் பக்கவாட்டில் அடித்தது. தோள் சரியாக ஒரு மாதம் ஆயிற்று. மணல் இளகலுக்குப் பெரிய பட்டம் மருந்தல்ல.

மருந்து காற்றழுத்தத்தில் இருக்கிறது. நானும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ. பாரம் பெரும்பாலும் பின்னால்தான், சக்கரத்துக்கு 45 கிலோ என்று வையுங்கள். 30 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. டயர் தரையைத் தொடும் இடம் ஒரு தீப்பெட்டி அளவு. 4 பிஎஸ்ஐக்கு இறக்கினால் விரித்த கை அளவு. டயரின் சொந்த விறைப்பால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் ஒல்லி டயரை அவ்வளவு இறக்க முடியாது, ரிம் தரையைத் தட்டும். அகல டயர் வாங்குவதே அப்படி இறக்கி ஓட்டத்தான். அகலமாக வாங்கிவிட்டுக் கல்லு மாதிரி காற்றடிக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சாதாரண கேஜில் 4 பிஎஸ்ஐ சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் கேஜை வாங்குங்கள். அவசரத்துக்குக் கட்டைவிரல்: அழுத்தினால் சுலபமாக உள்வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டு 21x12-8 டயர் மூன்று வாங்கினேன். 12 அங்குல அகலம், ஒரு சாணுக்கும் மேல். பின்னால் இரண்டும் உட்கார்ந்தன. முன்னால் ஃபோர்க்கின் உள்ளகலம் அரைச் சாண்! மூன்றாவது டயரைக் கராஜில் சாய்த்துவிட்டு, முன்னால் பழைய ஒல்லிச் சக்கரத்தோடு போனேன். ஓரளவு இளகலில் குறையில்லை. மணல்மேட்டு ஓரம் போய்க் காலால் திருப்பினேனோ இல்லையோ, முன்சக்கரம் ஏர்க்கொழு மாதிரி குத்தி நின்றது. அகல ஃபோர்க் மாட்டிய பிறகுதான் அங்கே திரும்ப முடிந்தது.

இன்னொன்று. அழுத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது வண்டி பக்கவாட்டில் சறுக்கினால், ட்யூப் இல்லாத டயர் ரிம்மை விட்டுக் கழன்று மணலை வாரிக்கொள்ளும். எனக்கு இரண்டு முறை நடந்தது. ட்யூப் போட்டேன். அதிலும் டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து கிழியும். வால்வு நேராக நிற்கிறதா என்று நடுநடுவே இறங்கிப் பார்ப்பேன்.

கெட்டி மணலில் அகல டயர் எருமை மாதிரி கனம், வேகமும் குறையும். ஈரக்கரையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்குத் தண்டச்செலவு. இளகிய மணல்தான் உங்கள் பாடு என்றால், முதலில் ஒரு டேப்பை எடுத்து ஃபோர்க்கின் உள்ளகலத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.