ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஸ்லிப் ஆகுதா? பிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க!

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி பெரியம்மா பையன் அமெரிக்காவுல இருந்து கால் பண்ணினார். அங்க எம்.எஸ். படிக்கிறார், பழைய பிக்கப் ட்ரக் ஒண்ணு வாங்கியிருந்தார். "டேய், நீ மெக்கானிக்கல் தானே? ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, வண்டி வேகம் ஏற மாட்டேங்குது. என்னடா பிரச்சனை?"

எபிசைக்ளிக் கியர் ட்ரெயின் கணக்குல 13 மார்க்கும் வாங்கின எனக்குப் பதில் தெரியல. "ஆயில் மாத்திப் பாருங்கண்ணா"ன்னு குத்துமதிப்பா சொல்லிட்டேன். மாத்திட்டு இன்னும் ஒரு மாசம் ஓட்டினார். கடைசியில கிளட்ச் தட்டெல்லாம் கருகிப்போய், பாக்ஸை முழுசா பிரிச்சுக் கட்ட வேண்டியதாச்சு. பார்ட் டைம் வேலையில சேர்த்த காசு மொத்தமும் அதுல போச்சு. அப்புறம்தான் நான் உட்கார்ந்து படிச்சேன். நீங்க என்னை மாதிரி முழிக்கக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு 4எல்60-ஈ கியர்பாக்ஸை எடுத்துக்கலாம். 1993-ல இருந்து செவர்லே பிக்கப்கள்ல நிறைய வந்த நாலு கியர் பாக்ஸ் இது.

முதல்ல ஆயில்

இன்ஜின் சூடா, ஐடில்ல ஓடிட்டு இருக்கணும். வண்டி சமதரையில நிக்கணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லீவரை எல்லா நிலைக்கும் ஒரு தடவை கொண்டுபோய்ட்டு, 'பார்க்'ல வச்சு டிப்ஸ்டிக் பாருங்க. அளவு குறைஞ்சா பம்ப் காத்தை இழுக்கும், பிரஷர் விழும், கிளட்ச் இறுகாது. இந்த ஆயில் எரிஞ்சு தீராது. குறைஞ்சிருந்தா எங்கயோ லீக்னு அர்த்தம்.

சிவப்பா, தெளிவா இருந்தா நல்லது. பழுப்பு நிறமும் கருகின வாசனையும் வந்தா கிளட்ச் தேய்ஞ்சிருக்கு. ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் மாதிரி இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ளே கலந்திருக்கு.

நிஜமாவே ஸ்லிப் தானா?

டாப் கியர்ல சீரா போகும்போது டார்க் கன்வர்ட்டருக்குள்ள ஒரு லாக்-அப் கிளட்ச் பிடிக்கும். அது விட்டாலும் ஆர்பிஎம் சில நூறு ஏறும். காலியான ரோட்டுல, ஆக்சிலரேட்டரை அப்படியே வச்சுக்கிட்டு பிரேக்கை லேசா தொடுங்க. லாக்-அப் விட்டு ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி, காலை எடுத்ததும் திரும்ப இறங்கினா லாக்-அப் வேலை செய்யுது. ஏறி இறங்கலேன்னா லாக்-அப் பிடிக்கவே இல்லைன்னு சந்தேகப்படலாம்.

எந்த கியர்ல? இதுதான் மெயின் கேள்வி

ஒவ்வொரு கியருக்கும் எது பிடிக்குதுன்னு பாருங்க:

1: ஃபார்வர்ட் கிளட்ச், லோ ரோலர் கிளட்ச்
2: ஃபார்வர்ட் கிளட்ச், 2-4 பேண்ட்
3: ஃபார்வர்ட் கிளட்ச், 3-4 கிளட்ச்
4: 3-4 கிளட்ச், 2-4 பேண்ட்
ரிவர்ஸ்: ரிவர்ஸ் இன்புட் கிளட்ச், லோ-ரிவர்ஸ் கிளட்ச்

இப்ப டிடெக்டிவ் வேலை. 1, 2 நல்லா இருந்து 3, 4 மட்டும் நழுவுதா? அந்த ரெண்டுக்கும் பொதுவானது 3-4 கிளட்ச். 2, 4 மட்டும்னா பேண்ட், இல்லேன்னா அதை இழுக்கிற சர்வோ. 2, 4, ரிவர்ஸ் மூணும் மொத்தமா போச்சா? மூணுலயும் வேலை செய்யிற சன் ஷெல் உடைஞ்சிருக்கலாம். ரிவர்ஸ் மட்டும் போயிருந்தா லீவரை '1'-ல வச்சு ஆக்சிலரேட்டரை விடுங்க. இன்ஜின் பிரேக்கிங் கிடைச்சா லோ-ரிவர்ஸ் கிளட்ச் நல்லாருக்கு, அப்போ சந்தேகம் ரிவர்ஸ் இன்புட் கிளட்ச் மேல.

எல்லா கியரும் நழுவுதா? அப்ப ஒரு கிளட்ச்சை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்க. பிரஷர் குறைவா இருந்தா பம்ப், ஃபில்டர், பிரஷர் கண்ட்ரோல் சோலனாய்டு பக்கம் தேடணும். இன்னொரு விஷயம்: மின்சாரம் கட்டானா இந்த பாக்ஸ் 3-லயே நிக்கும். கிளம்பும்போது மந்தமா இருக்கும், ஆனா அது ஸ்லிப் இல்லை. வயரிங்கையும் ஃப்யூஸையும் பார்த்தா போதும்.

நம்ம சிலபஸ் இங்கதான்

ரிவர்ஸ் ரேஷியோ 2.29. அதே கியர் செட்ல ரிங் பல் எண்ணிக்கையை சன் பல் எண்ணிக்கையால வகுத்தா வர்றது இதுதான். 4-ல சன்னைப் பிடிச்சு, கேரியரைச் சுத்தி, ரிங்ல அவுட்புட் எடுக்கிறாங்க. அப்போ ரேஷியோ 2.29 / 3.29, அதாவது சுமார் 0.70. டேபுலர் மெத்தட்ல நீங்களே போட்டுப் பாருங்க, வரும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அந்த டேபிள்தான் எந்த கியர் ஏன் போச்சுன்னு சொல்லுது.

அண்ணன் வண்டியிலயும் உயர் கியர்கள் மட்டும்தான் நழுவுச்சு, ஆயில் பழுப்பா இருந்துச்சு. அன்னைக்கு ரெண்டே கேள்வி கேட்டிருந்தா, "ஓட்டாதீங்கண்ணா, தேய்ஞ்ச துகள் பாக்ஸ் முழுக்க பரவும்"னு சொல்லியிருப்பேன். செலவு இருந்திருக்கும், ஆனா இவ்வளவு ஆகியிருக்காதோன்னு இப்பவும் தோணும்.

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட "நீ மெக்கானிக்கல் தானே?"ன்னு கேட்டா, உடனே பதில் சொல்லாதீங்க. "எந்த கியர்ல?"ன்னு திருப்பிக் கேளுங்க.