641 வந்து மாட்டிய கதை



உங்கள் கால்குலேட்டரில் 4294967297 என்று தட்டிப் பாருங்கள். பத்து இலக்கம். இது பகா எண் என்ற கருத்து 92 ஆண்டுகள் மறுக்கப்படாமலே நின்றது. அந்தக் கதையையும் கணக்கையும் சொல்கிறேன்.

பிரான்சில் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றியவர் ஃபெர்மா. கணிதம் அவருக்கு ஓய்வுநேர வேலைதான். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணே என்று 1640-இல் கடிதத்தில் எழுதினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்த எண் 2³² + 1. அதுதான் நம்ம 4294967297. 1732-இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த 25 வயது ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்.

4294967297 = 641 × 6700417

641-ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? வர்க்கமூலம் சுமார் 65536. அதுவரை உள்ள பகா எண்கள் 6542. அத்தனையாலும் வகுத்தால் விடிஞ்சிடும்! ஆனால் ஆய்லர் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கிச்சு!

வகுக்காமலும் நிரூபிக்கலாம்.

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

இரண்டாவது வரிப்படி 2⁴ = 641 − 5⁴. ஆகவே,

2³² = 2⁴ × 2²⁸
= (641 − 5⁴) × 2²⁸
= 641 × 2²⁸ − (5 × 2⁷)⁴
= 641 × 2²⁸ − 640⁴

640 என்பது 641-க்கு ஒன்று குறைவு. அதனால் 640⁴-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் 2³², 641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அந்த 1-ஐக் கூட்டிவிட்டால் மீதியில்லாமல் வகுபடும். அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறியில்லாத 32 பிட்டில் அதிகபட்சம் 4294967295 தான் அடங்கும். நம்ம எண்ணை அதில் போட்டால் வெறும் 1 ஆகிவிடும். புரோகிராம் தவறான விடையைத் தரும், நாமும் நம்பிவிடுவோம்.

இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. ஐந்து சரியாக வந்ததால் ஆறாவதும் சரியாக வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் படிப்பு. கணக்கு சரியா தப்பான்னு பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. நோட்ஸில் இருந்தால் சரி என்றே இருந்துவிட்டேன். ஒரு ராத்திரி இந்த எண்ணைத் தாளில் நானே 641-ஆல் வகுத்தேன். மீதி 0 வந்தது. அது சரின்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கலை.

நீங்களும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள் நண்பர்களே!