காந்தளும் ஒரு சீட்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.)

நம் ஊர்ப் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றை அறியாதவர் நம் கல்லூரியில் இரார். கபிலர் உயிர் நீத்த இடம் அது என்பது வழக்கு. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன, முதற்பூ காந்தள். ஆனால் அதே வரிசையில் கோடலும் தோன்றியும் தனித்தனியே வருகின்றன. கோடலை வெண்காந்தள் என்றும் தோன்றியைச் செங்காந்தள் என்றும் சொல்வார் உளர். அப்படியாயின் முதலில் வந்த காந்தள் எது? பெயர் நம்மிடம் வந்து சேர்ந்தது. செடி வந்து சேரவில்லை.

இக்குழப்பத்திற்கு அறிவியல் கண்ட மருந்தே உலர்தாவர மாதிரி, அதாவது ஹெர்பேரியம். செடியைப் பூவும் இலையுமாக எடுத்து, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, சுமார் 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கனத்த தாளில் ஒட்டுவர். மூலையில் ஒரு சீட்டு. அதில் இடம், நாள், கடல்மட்டத்திலிருந்து உயரம், எடுத்தவர் பெயர், அவருடைய வரிசை எண், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவை இருக்கும். என்னைக் கேட்டால் செடியைவிடச் சீட்டே பெரிது. சீட்டில்லாத மாதிரி வெறும் சருகு.

காந்தளையே பாருங்கள். லின்னேயஸ் 1753-இல் அச்சிட்ட அதன் பெயர் குளோரியோசா சுபெர்பா. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். இதழ்கள் ஆறு. விரியும்போது பசுமஞ்சள், பிறகு நுனி சிவந்து, நாளடைவில் முழுதும் சிவக்கும். உலர்த்தினாலோ நிறம் மங்கிவிடும். நிறத்தைச் சீட்டில் எழுதாவிட்டால் நூறாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. (கபிலர் சொன்ன பெயர்களில் இரண்டு, ஒரே பூவின் இரு பருவங்களோ என்று எனக்கொரு ஐயம். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க!)

திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். அவர் குழுவினர் நம் கல்வராயன் மலையிலும் ஏறிச் செடிகளைச் சேர்த்தனர். தமிழ்நாடு கர்நாட்டிக் பகுதியின் தாவர நூல் 1981 முதல் தொகுதிகளாக வெளிவந்தது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் உள்ள சென்னை ஹெர்பேரியம் அதனினும் பழையது.

காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் உண்டு. அதற்காகக் காட்டுக் கிழங்குகள் தோண்டப்பட்டன. இன்று ஒரு மலைச்சரிவில் காந்தள் இல்லையென்றால், முன்பு அங்கே இருந்தது என்பதற்குப் பழைய தாளே சாட்சி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் ஆயா எழுத்தறியார். ஆயினும் வேலியோரக் காந்தளைக் காட்டி, "கண்வலிக்கிழங்குடா, தொடாதே" என்பார். கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்பனவும் அதற்குப் பெயர்கள். ஊர்ப்பெயருக்குரிய வரியை நம்மில் பலர் வெறுமையாக விடுகிறோம். லத்தீன் பெயரை நூலைப் பார்த்து என்றும் எழுதிக்கொள்ளலாம். ஆயா சொல்வதை ஆயா இருக்கும்போதுதான் எழுத முடியும்.

மாதிரி எடுக்க விரும்பும் நண்பர்கள் கிழங்கைத் தோண்ட வேண்டா. அது கொடிய நஞ்சு. தோண்டினால் கொடியும் அழியும். பூவும் இலையும் உள்ள ஒரு கிளை போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேலிகளைப் பாருங்கள். பையில் பென்சில் இருக்கட்டும்.