டியூப் வாங்கும் முன் நாம் பார்க்க வேண்டியவை



பால் ஊற்றப் போகவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் நம்மில் பலருக்கு சைக்கிள்தான் கால். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் துணிந்து ஓட்டினார்கள். ஆனால் டியூப் மாற்றும்போது மட்டும், கடைக்காரர் எதையாவது போடட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அடிக்கடி காற்று இறங்கினால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தானே! அதனால் இந்த மாதம் டியூப்பைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மாற்றத்தான் வேண்டுமா?

காற்று இறங்கினாலே டியூப் போச்சு என்று நினைக்கக் கூடாது. காற்றடித்து வால்வின் மேல் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் வெடித்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதும், செலவு மிகக் குறைவு. ஒன்றிரண்டு பஞ்சர் என்றால் ஒட்டிக்கொள்ளலாம். வால்வின் அடிப்பகுதி கிழிந்தாலோ, ரப்பர் வெடிப்பு விட்டாலோ புதுசு வாங்குவதே நல்லது.

1. அளவு

டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும். பழைய பெரிய சைக்கிளுக்கு 28 × 1½, லேடீஸ் சைக்கிள் பலவற்றுக்கு 26 × 1⅜ என்று இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரிய டியூப்பைச் சின்ன டயரில் திணித்தால் மடிப்பு விழுந்து, அந்த இடமே தேய்ந்து ஓட்டையாகும். சின்ன டியூப்பைப் பெரிய டயரில் போட்டால் ரப்பர் இழுபட்டு மெலிந்துவிடும்.

2. ரப்பர்

இயற்கை ரப்பர் டியூப் நன்றாக இழுபடும். ஆனால் காற்று மெல்ல மெல்லக் கசியும், அடிக்கடி அடிக்க வேண்டும். பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் டியூப்பில் காற்று அதிக நாள் நிற்கும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கறுப்பாக இருப்பதெல்லாம் பியூட்டைல் இல்லை. டியூப்பிலோ அட்டைப்பெட்டியிலோ பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு, கொஞ்சம் விலை கூடினாலும் பியூட்டைல்தான் லாபம்.

சீமைக் கருவேல முள் அதிகமுள்ள பாதை என்றால் கனமான டியூப் கேட்கலாம். சின்ன முள்ளை ஓரளவு தாங்கும். நீள முள்ளுக்கு அதுவும் தாங்காது. எடையும் கூடும்.

3. வால்வு

நம்ம ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வால்டியூப் போடும் வால்வுதான். கெட்டால் நாமே மாற்றலாம். சில புது மாடல்களில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு வருகிறது. இதற்கு வால்டியூப் தேவையில்லை, ஆனால் வீட்டுப் பம்பு பொருந்துமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய டியூப்பைக் கையோடு கொண்டு போனால் குழப்பமே வராது.

மாட்டும்போது

கடையிலேயே லேசாகக் காற்றடித்து, தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி, ஒடிந்த முள் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரிம்மைச் சுற்றியுள்ள நாடா கிழிந்திருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் போக்கின் முனை குத்தி, புது டியூப்பும் அன்றைக்கே பஞ்சராகும். எண்ணெய், மண்ணெண்ணெய் படாமல் வையுங்கள், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

அளவு, ரப்பர், வால்வு: இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் விலை கேட்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் சைக்கிளின் டயர் அளவு எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்வோம்.
• பஞ்சர் ஒட்டத் தெரிந்த உறுப்பினர் நம் குழுவில் யார்? அவரிடம் மற்றவர்கள் எப்போது கற்றுக்கொள்ளலாம்?
• ஒரு பம்பும் பஞ்சர் சாமானும் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாமா?