காரோ-கான் தற்காப்பு

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடுவோர் நம்பத்தக்க தொடக்கங்களுள் ஒன்று காரோ-கான். 1886-இல் இதனை ஆராய்ந்த ஹொரேஷியோ காரோ, மார்க்கஸ் கான் ஆகியோரின் பெயரால் வழங்குவது.

வெள்ளை இ4 ஆடினால் கறுப்பு சி6 ஆடும். வெள்ளை டி4, கறுப்பு டி5. வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்து இ4 சிப்பாயைக் காக்கும். கறுப்பு அச்சிப்பாயை வெட்ட, குதிரை திருப்பி வெட்டும். உடனே கறுப்பு மந்திரி எஃப்5-க்கு வெளியேறும். பிரெஞ்சுத் தற்காப்பில் இ6 சிப்பாயின் பின்னே அடைபட்டுக் கிடப்பது இந்த மந்திரிதான். இங்கோ அது வெளிவந்த பின்னரே இ6 ஆடுகிறோம்.

இனி நடுவில் நிமிர்ந்து நிற்பது வெள்ளையின் டி4 சிப்பாய். அதனால் வெள்ளைக்கு இடம் மிகுதி. உறுதியான ஆட்டமென்று கறுப்பு வாளாவிருந்தால் நெருக்குண்டு போகும். ஆகவே குதிரைகளை டி7, எஃப்6 கட்டங்களில் நிறுத்தி, கோட்டை கட்டி, தக்க தருணத்தில் சி5 தள்ளி டி4-ஐத் தாக்கவேண்டும். அரசன் பத்திரமாகுமுன் நடுவைத் திறப்பது ஆபத்து. ஒரே நடையில் போகக்கூடிய சி5-க்கு இரு நடைகள் செலவிடுவதே இத்தற்காப்புக்கு நாம் தரும் விலை.

1958-இல் ஸ்மிஸ்லாவிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்ட பொட்வின்னிக், அப்போட்டியில் காரோ-கானைக் கையாண்டார். நண்பர்களே, பலகையை விரித்து ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு நடையிலும் 'சி5-க்கு வேளை வந்ததா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.